எஸ்.டபிள்யூ.ஆர். நன்றாகத்தான் இருந்தது: ஒரே ஆன்டெனா, மூன்று தரை

பாறை மேட்டில் நிறுத்திய என் செங்குத்து ஆன்டெனாவில் மீட்டர் காட்டிய எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் எண், 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1-க்கும் கீழே. 7 மெகாஹெர்ட்ஸுக்குக் கால் அலைநீளம், அதாவது 10.2 மீட்டர் உயர அலுமினியக் குழாய். அடியிலிருந்து தரையில் நாலாபக்கமும் விரியும் நான்கு ரேடியல் கம்பிகள், ஒவ்வொன்றும் 10 மீட்டர். சுற்றிலும் கட்டடமோ மரமோ கிடையாது. தொலைதூரத் தொடர்புக்குச் செங்குத்துதான் சரி, அது தாழ்ந்த கோணத்தில், தொடுவானத்தை ஒட்டி, கதிர்வீசும் என்று எல்லாரும் சொல்லும் பாடத்தை நம்பித்தான் நிறுத்தினேன்.

ஆனால் தொலைவில் இருக்கும் யாருக்கும் என் அழைப்பு கேட்கவே இல்லை. அதே மேட்டின் மறுபுறம், 20 கிலோமீட்டர் தள்ளி, என்னைப் போலவே ஹாம் (பொழுதுபோக்கு வானொலிக்காரர்) ஆன மூத்த நண்பர் ஒருவர் வெறும் 10 மீட்டர் உயரத்தில் ஒரு டைபோல் (கிடைமட்டமாக நீட்டி, நடுவில் கேபிள் சேரும் கம்பி ஆன்டெனா) கட்டியிருக்கிறார். புத்தகக் கணக்குப்படி அந்த உயரத்தில் 40 மீட்டர் பட்டை (அதாவது 7 மெகாஹெர்ட்ஸ்) டைபோல் பெரும்பாலும் வானத்தை நோக்கித்தான் கதிர்வீசும். ஆனால் நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த நிலையங்களை அவர் இரண்டாவது அழைப்பில் பிடித்துவிடுவார்.

கேபிளைச் சந்தேகப்பட்டேன், மாற்றினேன். இணைப்பிகளைப் புதிதாகப் பற்றவைத்தேன். கேபிளின் வெளிப்புறத்தில் மின்னோட்டம் ஓடுகிறதோ என்று ஃபெரைட் வளையங்களில் சுற்றி அதைத் தடுக்கும் ஒரு சோக் போட்டேன். எதுவும் மாறவில்லை. நண்பரிடம் புலம்பியபோது அவர் ஒன்றுதான் கேட்டார்: “தம்பி, கீழே என்ன மண்?”

மண்ணா? கீழே பாறைதான். பாறை மேல் ஒரு சாண் சரளை.

முதல் தவறு: மீட்டரை நம்பியது

ரேடியல் போதாது என்று அவர் சொல்ல, இன்னும் பன்னிரண்டு கம்பிகளை விரித்து மொத்தம் பதினாறாக்கினேன். எஸ்.டபிள்யூ.ஆர். 1.04-லிருந்து 1.16-க்கு ஏறியது. முப்பத்திரண்டாக்கினேன். 1.28 ஆகிவிட்டது. கம்பி சேர்க்கச் சேர்க்க ஆன்டெனா கெடுகிறது என்று முடிவு கட்டி, ஒரு முழு நாள் வெயிலில் விரித்ததையெல்லாம் மாலையில் சுருட்டி எடுத்துவிட்டேன். இந்தக் கதையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் இதுதான்.

நல்ல கடத்தும் தரை மேல் நிற்கும் கால் அலைநீளச் செங்குத்தின் கதிர்வீச்சு மின்தடை ஏறத்தாழ 36 ஓம். மின்சாரம் ஆன்டெனாவில் மேலே ஏறினால், அதே அளவு தரை வழியாக அடிப்பகுதிக்குத் திரும்பி வர வேண்டும். தரை மோசமாக இருந்தால் அந்தத் திரும்பும் பாதையில் ஒரு மின்தடை சேரும். மீட்டருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது, கூட்டித்தான் பார்க்கும். நான்கு கம்பியோடு எனக்குக் கிடைத்தது 52 ஓம். 50 ஓம் கேபிளுக்கு அற்புதமான பொருத்தம். அந்த 52-ல் 16 ஓம் பாறையைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. 36-ஐ 52-ஆல் வகுத்தால் 69 சதவீதம். மீதி 31 சதவீதம் வானலைக்குப் போகவே இல்லை.

முப்பத்திரண்டு கம்பியோடு அளந்தது 39 ஓம். அப்போது திறன் 92 சதவீதம். 50 ஓமிலிருந்து விலகியதால் எஸ்.டபிள்யூ.ஆர். ஏறியது, ஆனால் ஆன்டெனா தேறியிருந்தது. (கதிர்வீச்சு மின்தடையும் தரையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், ஆகவே இது எளிமைப்படுத்திய கணக்கு. போக்கு எந்தப் பக்கம் என்று காட்ட இது போதும்.) செங்குத்து ஆன்டெனாவில் பொருத்தம் பார்க்கும் பெட்டி எதுவும் இல்லாமலே 50 ஓம் அச்சடித்தாற்போல் வந்தால் இப்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

சுருட்டிய கம்பிகளை மறுவாரம் மறுபடி விரித்தேன். 1.25 டெசிபெல் ஆதாயம் (டெசிபெல் வலிமையை ஒப்பிடும் அலகு, 10 டெசிபெல் என்றால் பத்து மடங்கு). காதுக்குத் தெரியுமா தெரியாதா என்ற அளவு. நண்பரின் டைபோல் அப்போதும் என்னைத் தோற்கடித்தது.

தரை செய்யும் இரண்டாவது வேலை

நான் மட்டுமல்ல, பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். ஆன்டெனாவின் காலடியில் மின்னோட்டத்தைத் திருப்பி அனுப்புவது தரையின் ஒரு வேலை. இதைக் கம்பி போட்டுச் சரிசெய்யலாம். பிரவுன், லூயிஸ், எப்ஸ்டீன் மூவரும் 1937-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு, ஒலிபரப்பு நிலையங்கள் 120 ரேடியல்களைப் புதைப்பது வழக்கமானது இந்த வேலைக்காகத்தான்.

இரண்டாவது வேலை தொலைவில் நடக்கிறது. ஆன்டெனாவிலிருந்து நேராகப் போகும் அலையும், தரையில் பட்டுத் தெறிக்கும் அலையும் சேர்ந்துதான் ஒரு கோணத்தில் எவ்வளவு வலிமை என்று தீர்மானிக்கின்றன. தாழ்ந்த ஏற்றக்கோணத்துக்கு அந்தத் தெறிப்பு நடக்கும் பரப்பு மிகப் பெரியது. நேர் அலைக்கும் தெறித்த அலைக்கும் உள்ள பாதை வேறுபாடு அரை அலைநீளம் ஆகும் வரை எண்ணினால், 7 மெகாஹெர்ட்ஸில் 10 பாகைக்கு ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் வரை உள்ள தரை இதில் பங்கெடுக்கிறது. 5 பாகைக்கு அது 5.6 கிலோமீட்டர். என் ரேடியல் 10 மீட்டர்! ஆன்டெனா அடியில் உப்பு தூவுங்கள் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. சரி, 1.4 கிலோமீட்டருக்கு எத்தனை மூட்டை வேண்டும்?

10 பாகை ஏன் முக்கியம்? சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி அடுக்கில் பட்டுத் திரும்பும்போது, 30 பாகையில் கிளம்பிய அலை 900 கிலோமீட்டரை ஒட்டித் தரையிறங்கும். 10 பாகையில் கிளம்பினால் ஒரே தாவலில் 2200 கிலோமீட்டர், 5 பாகையில் 2900. தாவல் குறைந்தால் வழியில் இழப்பும் குறைவு. தொலைதூரம் என்றாலே தாழ்ந்த கோணம்தான்.

செங்குத்து அலைக்குத் தரையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஒளியியலில் படித்த புரூஸ்டர் கோணம், அதாவது தெறிப்பு மிகவும் குறைந்துவிடும் கோணம், இங்கும் வருகிறது. அந்தக் கோணத்துக்குக் கீழே போகப் போக, தெறித்த அலை நேர் அலைக்கு எதிராகத் திரும்பி அதைத் தின்ன ஆரம்பிக்கும். அந்தக் கோணம் எங்கே விழும் என்பதை மண்ணின் கடத்துதிறனும் (மின்சாரத்தை எவ்வளவு கடத்தும், அலகு சீமென்ஸ்) ஒப்புமை விடுதிறனும் (மின்புலத்துக்கு அது காட்டும் எதிர்வினையை வெற்றிடத்தோடு ஒப்பிட்ட எண்) சேர்ந்து முடிவுசெய்கின்றன. மோசமான பாறைத் தரைக்கு, மீட்டருக்கு 0.001 சீமென்ஸ், விடுதிறன் 5 என்று வைத்தால், 7 மெகாஹெர்ட்ஸில் 23 பாகை. சராசரி மண்ணுக்கு (0.005, 13) 13 பாகை. கடல்நீருக்கு, 5 சீமென்ஸில், அரை பாகைதான்.

பாறை மேல் நின்ற என் ஆன்டெனா 23 பாகைக்குக் கீழே தன்னைத்தானே அழித்துக்கொண்டிருந்தது. முழுமையாகக் கடத்தும் ஒரு கற்பனைத் தரையோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டேன். 10 பாகையில் பாறைத் தரையின் இழப்பு 10.2 டெசிபெல். சராசரி மண்ணில் 7.2. கடல்நீரில் 0.3. பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஏறத்தாழ 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு. பாறையில் 100 வாட் போட்டு நான் அடைந்ததைக் கடலோரத்தில் 10 வாட் அடையும். இதில் காலடி இழப்பு சேரவில்லை.

நண்பரின் டைபோல் ஜெயித்ததற்கும் விடை இதிலேயே இருந்தது. கிடைமட்ட அலைக்கு இந்தப் புரூஸ்டர் தொல்லை கிடையாது. எந்த மண்ணானாலும் தாழ்ந்த கோணத்தில் அது கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெறிக்கும். அதற்கு முக்கியம் உயரம். 10 மீட்டரில் தொங்கும் டைபோல் 10 பாகையில் மைனஸ் 3.5 டெசிபெல் ஐசோட்ரோபிக்கை (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் கற்பனை ஆன்டெனாவோடு ஒப்பிட்ட அளவு) ஒட்டி நிற்கும். முப்பத்திரண்டு கம்பியோடு இருந்த என் செங்குத்து அதே கோணத்தில் மைனஸ் 5.6. புகழ் பெற்ற “தாழ்கோண” ஆன்டெனா, தாழ்ந்து கட்டிய டைபோலிடம் தாழ்கோணத்திலேயே தோற்றது.

ஏரி: தண்ணீர் என்றால் தண்ணீர்தானா?

தண்ணீர் ஓரத்துக்குப் போனால் எல்லாம் சரியாகும் என்று நினைத்து ஆன்டெனாவைக் காரில் ஏற்றி ஒரு பெரிய நன்னீர் ஏரிக்கரைக்குப் போனேன். கரையிலிருந்து இரண்டடியில் நிறுத்தி, ரேடியலுக்குப் பதிலாக ஒரு செம்புத் தகட்டைத் தண்ணீரில் இறக்கினேன். மீட்டர் எங்கேயோ போனது. எந்த அலைவெண்ணிலும் ஒழுங்காக ஒத்திசையவில்லை. தகட்டைத் தூக்கிவிட்டுக் கம்பிகளை விரித்த பிறகுதான் ஆன்டெனா ஆன்டெனாவானது.

அன்று என் பையில் மீன் தொட்டிக்காரர்கள் வைத்திருப்பார்களே, பேனா அளவில் ஒரு கடத்துதிறன் மீட்டர், அது இருந்தது. அதன் நுனியை ஏரியில் விட்டதும் எண் கொஞ்சம் தள்ளாடி 100-ல் நின்றது. சென்டிமீட்டருக்கு 100 மைக்ரோ சீமென்ஸ், மீட்டர் கணக்கில் 0.01 சீமென்ஸ். கடல்நீர் அதைப் போல் ஐந்நூறு மடங்கு. நல்ல வண்டல் மண் கூட 0.03 வரை வரும். ஆக, கடத்துதிறனில் மட்டும் பார்த்தால் அந்த ஏரி நல்ல வயலைவிட மட்டம்.

இது தகட்டுக்கு ஏன் ஆகவில்லை? 7 மெகாஹெர்ட்ஸில் கடல்நீருக்குள் மின்னோட்டம் 8.5 சென்டிமீட்டர் போவதற்குள் மூன்றில் ஒரு பங்கு சொச்சமாகத் தேய்ந்துவிடும். மேற்பரப்பிலேயே பரவி ஓடும் என்பதால் அங்கே சின்னத் தகடு கூட வேலை செய்யும். என் ஏரியில் அந்த ஆழம் கிட்டத்தட்ட 5 மீட்டர். தகட்டைச் சுற்றி இருந்தது பெரும்பாலும் கடத்தாத திரவம்.

ஆனாலும் ஏரி முழுக்க வீண் இல்லை. நீரின் ஒப்புமை விடுதிறன் 80. கடத்தாவிட்டாலும் அந்த எண்ணே புரூஸ்டர் கோணத்தை 6 பாகைக்கு இறக்கிவிடுகிறது. 10 பாகையில் இழப்பு 4.2 டெசிபெல். பாறையைவிட 6 டெசிபெல் மேல், கடலைவிட 4 டெசிபெல் கீழ். தெறிப்புக்கு ஏரி உதவும், காலடிக்கு உதவாது. இந்த வித்தியாசம் புரியாமல் சிலர் ஏரியைக் கொண்டாடுகிறார்கள், சிலர் திட்டுகிறார்கள். இரண்டு பேருமே தாங்கள் அளந்ததைத்தான் சொல்கிறார்கள்.

உப்புச் சேறு

மூன்றாவது இடம் ஒரு கழிமுகம். ஏற்றத்தில் கடல் உள்ளே வரும், வற்றத்தில் கருஞ்சேறு மட்டும் கிடக்கும். பேனா மீட்டர் அங்கே எண் காட்டாமல் கோடு கோடாகக் காட்டியது, அதன் எல்லை தாண்டிவிட்டது. நீரை மழைநீரில் பத்துக்கு ஒன்றாகக் கலந்து அளந்து பெருக்கியதில் ஏறத்தாழ 3 சீமென்ஸ் வந்தது. ஆற்று நீர் கலப்பதால் முழுக் கடல் அளவு இல்லை. தோராயமான முறைதான், நீர்த்த கரைசலில் கடத்துதிறன் சரியாகப் பத்தில் ஒன்றாகக் குறையாது. நமக்கு வேண்டியது 3-ஆ 0.03-ஆ என்பதுதான், அதற்கு இது தாராளம்.

அடிப்பகுதியை 2 மீட்டர் உயர மரக்கம்பத்தில் தூக்கி, இரண்டே இரண்டு ரேடியல்களை எதிரெதிராக அதே உயரத்தில் கட்டினேன். உப்புநீருக்கு மேலே கம்பியைக் குவிப்பதில் பயனில்லை. தண்ணீரே தகடு.

முதல் அழைப்பிலேயே வந்த பதிலை வைத்து ஒரு முடிவுக்கு வருவது எளிது, தவறும் கூட. வானலை நாளுக்கு நாள் 10 டெசிபெல் தானாகவே ஏறி இறங்கும். அதனால் மூன்று இடத்திலும் விஸ்பர் (WSPR) என்ற சோதனை முறையை ஓட்டினேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மிகக் குறைந்த சக்தியில் ஒரு குறிப்பை அனுப்பும், கேட்டவர்கள் இரைச்சலுக்கு மேல் எத்தனை டெசிபெல் என்று தானாகவே பதிவு செய்வார்கள். நண்பரின் டைபோலும் அதே சக்தியில் அதே இரவுகளில் ஓடியது. அவருடையதுதான் அளவுகோல். நான் பார்த்தது என் எண்ணுக்கும் அவர் எண்ணுக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே, அதுவும் இருவரையும் ஒரே நிமிடத்தையொட்டிக் கேட்ட நிலையங்களில்.

3000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த நிலையங்களில் நடு மதிப்பு இப்படி வந்தது. பாறையில் நான் 3 டெசிபெல் கீழே. ஏரிக்கரையில் 2 மேலே. கழிமுகத்தில் 7 மேலே. கணக்கு ஏரிக்கு இன்னும் ஒன்றிரண்டு கூடுதலாகச் சொல்லியிருந்தது. ஏரி எல்லாத் திசையிலும் 1.4 கிலோமீட்டர் விரிந்திருக்கவில்லை, ஒரு பக்கம் சாதாரண நிலம், குறைந்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். 800 கிலோமீட்டருக்கு உட்பட்ட நிலையங்களிலோ மூன்று இடத்திலும் டைபோல்தான் ஜெயித்தது. உயர்ந்த கோணத்தில் செங்குத்துக்கு என்றைக்குமே வேலை இல்லை.

ஏற்றம் வற்றம் பற்றி எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. தண்ணீர் இறங்கிச் சேறு தெரிந்ததும் பதிவாகும் எண்கள் சரியும் என்று இரவு முழுக்கக் காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உப்பில் ஊறிய சேறு 1 சீமென்ஸ் கடத்தினாலே 10 பாகையில் இழப்பு 0.7 டெசிபெல்தான். மூன்றிலிருந்து ஒன்றுக்கு இறங்கியதில் போனது அரை டெசிபெல்லுக்கும் கீழே, விஸ்பரின் முழு எண்ணுக்குள் அது மறைந்துவிடும். ஆனால் காய்ந்த கடற்கரை மணலை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வறண்ட மணல் பாறைக்குச் சமமான மோசம். அலை தொடும் ஈர விளிம்புக்குப் போக வேண்டும், கடல் பார்வைக்குத் தெரிந்தால் போதாது.

இவ்வளவும் எதற்குப் பொருந்தும்

இந்த எண்கள் எல்லாம் 7 மெகாஹெர்ட்ஸுக்கு. அலைவெண் ஏற ஏற மண்ணில் கடத்துதிறனின் பங்கு குறைந்து விடுதிறனின் பங்கு கூடும். 144 மெகாஹெர்ட்ஸில் மண் எவ்வளவு கடத்துகிறது என்று யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. கீழே 1.8, 3.5 மெகாஹெர்ட்ஸுக்குப் போனால் மண் இன்னும் கடத்தியாகத் தெரியும், ஆனால் அங்கே உயரமான டைபோல் கட்டுவது நடக்காத காரியம் என்பதால் செங்குத்தை விடவும் முடியாது.

மண்ணை அளப்பது தண்ணீரை அளப்பது போல் சுலபம் இல்லை. நான்கு கம்பி ஊன்றிக் குறைந்த அலைவெண்ணில் அளக்கும் முறை, குறு அலைக்குச் சரியான விடை தராது, இரண்டு எண்ணுமே அலைவெண்ணோடு மாறும். இரண்டு இணை கம்பிகளை மண்ணில் குத்தி நானோவிஎன்ஏ என்ற கையடக்க அளவீட்டுக் கருவி வைத்து அந்த அலைவெண்ணிலேயே அளப்பது பரவாயில்லை. அதுவும் காலடி மண்ணை மட்டும்தான் சொல்லும், ஒரு கிலோமீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்று சொல்லாது. பாறையில் எனக்குக் கம்பி இறங்கவே இல்லை. அதுவே ஒரு அளவீடு என்று எடுத்துக்கொண்டேன்.

மோசமான மண்ணை நேசிக்கும் ஆன்டெனாவும் உண்டு என்பதை இங்கே சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஹரால்ட் பெவரேஜின் பெயரில் உள்ள, தரையை ஒட்டி நீளமாக ஓடும் கம்பி, வரும் அலையின் முகப்பைத் தரை சாய்ப்பதால்தான் வேலை செய்கிறது. கடல்நீருக்கு மேலே கட்டினால் அலை சாயாது, கம்பியில் ஒன்றும் பெரிதாகச் சேராது. என் பாறை மேட்டில் இப்போது ஒரு 160 மீட்டர் நீளக் கம்பி கேட்பதற்கு மட்டும் ஓடுகிறது. அனுப்புவதற்கு டைபோலை 14 மீட்டருக்கு உயர்த்திவிட்டேன்.

செங்குத்து கழிமுகத்துக்கு மட்டும் போய் வருகிறது. மூன்றாவது பயணத்தில் அதன் மேல் குழாய் கீழ்க் குழாயிலிருந்து கழலவில்லை. உப்பு ஏறி, இணைப்பில் வெள்ளைப் பூ பூத்து, இரண்டும் ஒன்றாகிவிட்டன. வெந்நீர் ஊற்றினேன், துருநீக்கி எண்ணெய் அடித்தேன், கடைசியில் ஹாக்சா பிளேடால் அறுத்து, நுனியை ராவி, கிராஃபைட் கிரீஸ் தவிர்த்து இணைப்புக்கென விற்கும் பசையைத் தடவி மறுபடி பூட்டினேன். குழாயில் 3 சென்டிமீட்டர் போனது. ஒத்திசைவு சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் மேலே ஏறியிருக்கிறது, அதை அப்படியே விட்டுவிட்டேன்.